பால்பேணி மரங்கள்

கொழும்பில் கொட்டாஞ்சேனை மாங்காய்த் தோட்டத்தில் மாமரம் கிடையாது. ஒரு முடுக்கு, அதன் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய பதினெட்டு வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்ப் பைப், கடைசியில் இரண்டு கக்கூஸ். அவ்வளவுதான் தோட்டம். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் ஆண்டில் யாராவது அந்த முடுக்குக்குள் வந்து பதினெட்டாம் நம்பரைக் கேட்டால், "பேணி அடுக்கியிருக்கிற வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

பதினெட்டாம் நம்பர் கடைசி வீடு. அதற்குப் பின்னால் ஒரு சரக்குக் கிட்டங்கியின் மதில். வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் ஏழடி நிலம். அந்த ஏழடிக்குள், செங்கல்லின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் பால்பேணிகளை வரிசையாக வைத்திருந்தாள் குப்பாயி. முடுக்கு முனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த றவூப் நானா தினம் வீசுகிற காலி டின்பால் தகரங்கள் அவை. ஒவ்வொரு பேணிக்குள்ளும் ஒரு மேமாராக் கன்று. மே மாதம் வந்தால் கொழும்பு றோட்டுகளின் தலைக்கு மேல் நெருப்புப் பிடித்த மாதிரிப் பூக்குமே, அந்த மரம்.

அதை முளைக்க வைக்கும் வித்தையை அவள் தேடிப்போய்ப் படிக்கவில்லை. புருஷன் இராமர், நகரத்துச் சாலைகளுக்கு மரம் வளர்க்கிற இலாகாவின் நாற்றுத் தோட்டத்தில் நாட்கூலி. பூங்காவில் உதிர்ந்து கிடக்கும் நெற்றுகளைக் கூட்டிக் குப்பையில் போடுவது அவனுடைய வேலைகளில் ஒன்று. வாள் உறை மாதிரி ஒரு முழ நீளத்துக்கு மேல் வளர்ந்து, காய்ந்து கறுத்த நெற்று. நன்றாக எரியும். தினமும் பத்துப் பன்னிரண்டை இடுப்பில் செருகிக்கொண்டு வருவான். குப்பாயி அதை உடைத்து அடுப்பில் வைப்பாள். ஒருநாள் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பின்பக்கம் கொட்டினாள். இரண்டு நாள் மழை பெய்தது. ஒரு வாரம் கழித்துச் சாம்பலுக்குள்ளிருந்து இரண்டு இலை விரித்துக்கொண்டு ஒரு முளை நின்றது.

சூடு பட்ட விதைதான் முளைக்கிறது என்று அவள் கண்டுபிடித்தது அப்படித்தான். அதன்பிறகு ஒன்றொன்றாகச் செய்து பார்த்தாள். கொதிநீரில் போட்டாள், சிலது வெந்து போனது. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஒரு ராத்திரி விட்டாள், பாதி உப்பியது. கடைசியில், விதையின் ஒரு ஓரத்தைச் சிமெந்துப் படியில் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரிந்ததும் வெந்நீரில் போட்டாள். விடிந்தபோது அத்தனையும் உப்பியிருந்தன. காலை ஆறு மணி முதல் பின்னேரம் மூன்று வரை அவள் கொச்சிக்கடைக் கிட்டங்கி ஒன்றில் வெங்காயத்தில் அழுகலைத் தெரிந்து பிரிக்கிறவள். அங்கிருந்து முந்தானையில் கட்டிக்கொண்டு வரும் வெங்காயச் சருகை மண்ணில் கலப்பாள். பேணியின் அடியில் ஆணியால் மூன்று துளை. விதைக்கு மேல் விரல்நுனி அளவு மண். தண்ணீர் காலையில் மட்டும்.

இராமர் அந்த வழியை நாற்றுத் தோட்டத்தில் செய்து காட்டினான். அதுவரை நூறுக்குப் பத்து முளைத்த இடத்தில் தொண்ணூறு முளைத்தது. துரை அவன் முதுகில் தட்டினார். "வீட்டுக்காரி சொன்னதுங்க" என்று அவன் சொல்லவும் செய்தான். துரை சிரித்தார், நம்பவில்லை.

அந்த ஆண்டு ஆவணியில் இராமர் நெற்று இல்லாமல் வீட்டுக்கு வந்தான். வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். குப்பாயி மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பல் அரைத்து வைத்திருந்தாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"பேர் வந்திருச்சு" என்றான்.

"என்னா பேரு?"

"நிப்பாட்டுற ஆளுங்க பேரு. முப்பத்துநாலுக்குப் பெறகு வேலைக்குச் சேந்த இந்தியாக்காரங்க எல்லாரையும் நிப்பாட்டுறாங்க."

"அதுக்கு உங்களுக்கு என்னா? நீங்க பதினாறு வயசுல சேந்தவரு. இருவது வருசமாச்சே."

"முப்பத்தஞ்சுல அப்பா காரியத்துக்கு ஊருக்குப் போனேன்ல. திரும்பி வந்தன்னைக்குப் புதுசா பேரு எழுதியிருக்காங்க. புஸ்தகத்துல நான் நாலு வருசத்து ஆளு."

"நீங்க வச்ச மரமெல்லாம் கூரை ஒசரத்துக்கு நிக்குது. அதுல ஒண்ணக் காட்டி வயசு கேளுங்களேன்."

"மரத்தையா கேப்பாங்க? புஸ்தகத்தத்தான் கேப்பாங்க." அவன் வேட்டி மடிப்பை நீவிக்கொண்டே இருந்தான். "ஊருக்குப் போறவங்களுக்கு டிக்கட்டும் கைச்செலவுக்குச் சல்லியும் குடுக்குறாங்க. கைநாட்டு வச்சிட்டேன். ரெண்டு பேருக்கும்."

குப்பாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு தன் வலது கையை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். வெங்காயச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள்.

"இந்தக் கைக்கு நீங்க எப்புடி நாட்டு வச்சீங்க?"

"புருசன் வச்சா போதும்னாங்க."

"எந்த ஊருக்கு?"

"துறையூருப் பக்கம். நம்ம ஊருக்குத்தான்."

"அது உங்க ஊரு. நான் பொறந்தது ஜிந்துப்பிட்டியில. என் ஆத்தாளப் பொதைச்சது இங்க. மக சீனியம்மாவக் கட்டிக் குடுத்தது முகத்துவாரத்துல. அவ ஆறு மாசம் முழுகாம இருக்கா. எந்தப் பக்கம் ரயிலு ஏறச் சொல்றீங்க என்னைய?"

"இங்க இருந்து என்னா திங்கிறது, புள்ள?"

"இப்ப என்னா திங்கிறமோ அத." தட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "தின்னுங்க."

அவன் தின்னவில்லை. அன்று முதல் இராமர் பேச்சைக் குறைத்துக்கொண்டான். காலையில் எழும்பிப் பழக்கத்தில் ஐந்து மணிக்கே முகம் கழுவுவான். பிறகு போக இடமில்லாமல் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வான். பேணிகளின் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. குப்பாயி வேலைக்குப் போகும் முன் கன்றுகளுக்குப் பூவாளியால் தண்ணீர் விடுவாள். திரும்பி வந்ததும் இலைக்கு அடியில் புழு பார்ப்பாள். ஐப்பசி பிறந்தபோது கன்றுகள் இரண்டரை அடி உயரம் நின்றன. அறுபத்துநான்கு கன்றுகள்.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு பின்னேரம், நாற்றுத் தோட்டத்து ஓவசியர் சண்முகலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு முடுக்குக்குள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டையில் சேறு படாமல் தூக்கித் தூக்கி அடி வைத்தார். இராமர் பதறி எழுந்து நின்றான். ஓவசியர் அவனுக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் பலகைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"என்ன மாதிரி வளந்து நிக்குது!"

"தண்ணி காட்டினா வளருது" என்றாள் குப்பாயி.

"எங்கட இடத்தில ஒண்டும் மிஞ்சேல்லை. புது ஆக்கள் விதையை அப்பிடியே மண்ணுக்குள்ள போட்டவங்கள். நூறுக்கு ஏழு முளைச்சது. அதுக்கும் காலமையும் பின்னேரமும் தண்ணியை ஊத்தி அழுகப் பண்ணிப்போட்டாங்கள்." அவர் ஒரு கன்றின் தண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "வெள்ளவத்தையில கடலை விட்டுத் தள்ளி உள்ளுக்கு ஒரு புது றோட்டு. மார்கழி முதலாந்திகதி துரைமார் திறக்க வருகினம். ரெண்டு பக்கமும் மேமாரா நிக்கவேணுமெண்டு பிளானில கீறியிருக்கு."

"எத்தன வேணும்?"

"அறுபது."

"என்கிட்ட அறுபத்துநாலு இருக்கு. நாளைக்கே அவரு பேர மறுபடி எழுதுங்க. நானே வண்டியில ஏத்தி விடுறேன்."

ஓவசியர் இராமரைப் பார்த்தார். இராமர் நிலத்தைப் பார்த்தான்.

"அது என்ர கையில இல்லை, குப்பாயி. அது மேலிடத்து முடிவு."

"அப்ப இது என் கையில இருக்கு. இது என் முடிவு."

"உனக்கு விளங்கேல்லை. இதுகளை விலைக்கு வாங்கக் கேட்டும் நான் எழுதலாம். ஆனா சூப்பிரண்டன் துரை வேற மாதிரி நினைக்கிறார். விதை ஆரின்ர விதை? அரசாங்க மரத்தின்ர விதை. அப்ப அதில முளைச்ச கண்டும் அரசாங்கச் சாமான் எண்டுறார்."

"அடுப்பெரிக்கக் கொண்டாந்த நெத்துங்க அது. இவரு தெனம் இடுப்புல சொருகிக்கிட்டு உங்க கண்ணு முன்னாலதான வந்தாரு? குப்பைன்னுதான விட்டீங்க?"

"அது சரிதான், ஆனா…"

"குப்பையா இருந்தா என்னோடது, மரமாயிட்டா உங்களோடதா?"

பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஓவசியரின் காது சிவந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சண்டைக்கு வரேல்லை. வெள்ளிக்கிழமை வண்டி வரும். ஒரு பொலிஸ்காரனும் வருவான். பேசாமல் குடுத்துவிடு. நீங்கள் இன்னும் பத்து நாளில போற ஆக்கள். இதுகளைக் கப்பலில கொண்டு போகப் போறியளே?"

அவர் போனபிறகு இராமர் மெல்லச் சொன்னான். "குடுத்துருவோம், புள்ள. நம்மளுக்கு இனி எதுக்கு?"

"நம்மளுக்கு இல்ல" என்றாள் குப்பாயி. "அவங்களுக்கும் இல்ல."

வியாழக்கிழமை அவள் வெங்காயத்துக்குப் போகவில்லை. விடிந்ததும் கைக்கு ஒரு பேணியாக எடுத்துக்கொண்டு றவூப் நானாவின் கடைக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குள் துறைமுகத்து ஆட்கள் பாண் ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"றவூப் நானா, உங்க பேணியத் திருப்பிக் கொண்டாந்திருக்கேன்."

அவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "பேணியா? இதுக்குள்ள மரமெல்லோ ஈக்கி."

"அதோடதான் தாறேன்."

நடந்ததைச் சொன்னாள். அவர் தாடியைச் சொறிந்தார். "எனக்குக் கடை லைசன் ஒண்டு ஈக்கி, புள்ள. பொலிஸ் வந்து இது ஆருடையன்னு கேட்டா நான் என்னத்தச் செல்ல?"

"பேணி உங்களோடதுன்னு சொல்லுங்க. அது பொய்யில்லயே."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துத் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "கடைக்கு முன்னால ஒண்டு வை. பள்ளிவாசலுக்குப் பொறத்தால காணி சும்மாதான் கெடக்கு, பத்து வைக்கேலும். பள்ளிய நடத்துற மரைக்காரிட்ட நான் செல்றேன். அவர் என்னோட ஓதின ஆள்."

அங்கிருந்து முதலாம் நம்பர் மாக்ரெட்டிடம் போனாள். மாக்ரெட் அப்பம் சுட்டு விற்கிறவள். முடுக்கில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் யார் செத்தாலும் முதலில் போய் நிற்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் அப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"மாதா கோயில் வளவில எட்டு வைப்பம். சாமியாரிட்ட நான் கேக்கிறன். அவர் என்ர அப்பம் தின்னாமல் பூசைக்கே போறதில்லை. இல்லையெண்டு சொல்லட்டும், பாப்பம்."

அதற்குப்பிறகு குப்பாயி யாரிடமும் போகவேண்டி இருக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள். பேணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனவர் இன்னொருவரை அனுப்பினார். வாழைக்குலை இறக்கிவிட்டுத் திரும்பிய சிங்கள வண்டிக்காரர் ஒருவர் விஷயத்தைக் கேட்டு, களனி விகாரைக்குப் போகிற பாதையோரம் நடுவதற்கென்று ஆறு பேணிகளை வைக்கோலுக்குள் அடுக்கிக்கொண்டார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு முகத்துவாரத்திலிருந்து சீனியம்மாவும் வந்தாள்.

"எனக்கும் அஞ்சு குடும்மா. வீட்டுக்கு முன்னால, கடலப் பாத்த மாதிரி வைக்கிறேன்."

பெட்டியின் மேல் இருந்தபடியே இராமர் வாய் திறந்தான். "கடக்காத்துக்கு அது நிக்காது. தோப்புக்கு இந்தப் பக்கம் வையி."

குப்பாயி திரும்பிப் பார்த்தாள்.

முடுக்கு முனையில் மாக்ரெட் ஒரு அகப்பைக் காம்பை வைத்துக்கொண்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குக் கொண்டு போகும் முன் தன் வாசலில் ஒன்று வைக்க ஆசை அவளுக்கு. இராமரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து மழைக்குள் இறங்கிப் போனான்.

"அக்கா, அந்தக் குழியில கத்திரிக்காகூட வராது. தள்ளுங்க."

"அப்ப நீ வந்து வெட்டு. எவ்வளவு நாளைக்கு அந்தப் பெட்டியில முட்டை அடைகாக்கப் போறாய்?"

அவன் வீட்டுக்குள் போய்க் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்து வந்தான். இரண்டு மாதமாகத் தொடாத அலவாங்கு. மூன்றாவது குத்தில் கல்லும் ஓடும் கலந்த அந்த மண் பிளந்தது. ஒன்றரை முழ ஆழம் தோண்டினான். பேணியின் பக்கத்தைக் கத்தியால் கீறி, வேர் உடையாமல் மண்கட்டியோடு எடுத்துக் குழிக்குள் வைத்து, முழங்காலில் நின்று சுற்றிலும் மண்ணை அழுத்தினான்.

"சுவத்துக்குக் கிட்ட மட்டும் வச்சிராதீங்க" என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னான். "வேரு பெருத்தா வீட்டையே தூக்கிரும். பத்தடி தள்ளி வைங்க. மொத ரெண்டு வெயிலுக்கு ஓலை வச்சு மறைங்க. ஆடு கடிக்காது, ஆனா மாடு மிதிக்கும். முள்ளு கட்டுங்க."

அன்று முழுவதும் அவன் கொட்டாஞ்சேனைக்குள் நடந்தான். பள்ளிக்குப் பின்னால் பத்துக் குழி. மாதா கோயில் வளவில் எட்டு. ஜிந்துப்பிட்டிக் கோயில் கிணற்றடியில் மூன்று. மழை விடவில்லை, தலைக்குச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டான். குப்பாயி பேணிகளைச் சுமந்து பின்னால் போனாள். பள்ளிக் காணியில் றவூப் நானா பிளேன்டீயும் பாணும் கொண்டு வந்தார். இராமர் அரை றாத்தல் பாணைத் தின்று, மீண்டும் கையை நீட்டினான். குப்பாயி தன் பங்கையும் பிய்த்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாட்டுவண்டி முடுக்கு முனையில் நின்றது. ஓவசியரும் ஒரு பொலிஸ்காரரும் உள்ளே வந்தார்கள். பின்பக்கத்தில் வெறும் பலகைகள். பலகைகளில் துருப்பிடித்த வட்டங்கள்.

"கஸ் கோ?" என்று கேட்டார் பொலிஸ்காரர். மரங்கள் எங்கே?

"ஹிட்டெவ்வா" என்றாள் குப்பாயி. நட்டாகிவிட்டது.

"எங்க நட்டனீ?" என்றார் சண்முகலிங்கம்.

"பள்ளிக்குப் பின்னால பத்து. மாதா கோயில்ல எட்டு. களனி விகாரைப் பாதையில ஆறு. இன்னும் நெறைய எடம் சொல்லுவேன்; நடக்கத் தெம்பிருந்தா வாங்க. ஒவ்வொரு எடத்துலயும் போயி, இது அரசாங்கச் சாமான்னு சொல்லிப் புடுங்குங்க. நான் கூடவே வந்து நிக்கிறேன்."

விகாரை என்ற சொல் பொலிஸ்காரருக்கு விளங்கியது. அவர் ஓவசியரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். ஓவசியர் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். பொலிஸ்காரர் தலையை ஆட்டிவிட்டு, முடுக்கு முனையில் றவூப் நானாவின் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஓவசியர் தனியாக நின்றார். "நான் இப்ப துரைக்கு என்னத்தை எழுதுறது?"

"தெரிஞ்ச ஆளுங்கள நிப்பாட்டினோம், கன்னு செத்துப்போச்சுன்னு எழுதுங்க."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. இராமரின் பக்கம் திரும்பினார். அவன் கைகளில் நேற்றைய மண் இன்னும் போகவில்லை. "பதினாலாம் திகதி ரெயில். பேர் குடுத்தவன் ஏறாட்டி இஞ்சை வேலையும் இல்லை, அந்தக் காசும் இல்லை. பிறகு என்னட்டை வந்து நிக்கக் கூடாது. விளங்குதே?"

"வெளங்குதுங்க" என்றான் இராமர். "வரமாட்டேன்."

பதினாலாம் தேதி மத்தியானம் அவன் சலவை வேட்டியை எடுத்துக் கட்டினான். வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த குப்பாயி கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க?"

"ஸ்டேசனுக்கு."

அவள் முகம் மாறியது. அவன் அவசரமாகச் சொன்னான். "ஏறுறதுக்கில்ல. நீயும் வா."

"ஏறலன்னா வீட்டுல இருந்தா போதாதா?"

"வீட்டுல இருந்தா பயந்து ஒளிஞ்சிக்கிட்டான்னு எழுதுவாங்க. ஒருதடவ நான் இல்லாதப்ப என்னத் தப்பா எழுதிட்டாங்க. இந்தத் தடவ நின்னு பாத்து எழுத வைக்கிறேன்."

மருதானை ஸ்டேஷனில் மூன்று மணிக்கே கூட்டம். தகரப்பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், அம்மிக்கல்லைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு கிழவன். மழை ஈரமும் பீடிப் புகையும் ஒன்றாகக் கிடந்தன. மேசை போட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர் ஒருவர் பெயர்களை வாசித்தார். வாசித்த பெயருக்கு ஆள் முன்னே போய் டிக்கட் துண்டை வாங்கிக்கொண்டு வண்டிப் பக்கம் ஒதுங்கினான். யாரோ ஒரு பெண் விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இராமர். மனைவி குப்பாயி."

"இருக்கோம்" என்று முன்னே போனான் இராமர்.

"சாமான் எவ்வளவு?"

"சாமான் இல்லைங்க. நாங்க போகல."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "போகாட்டி ஏன் வந்தனீங்கள்?"

"சொல்லத்தான்."

"சரி. வராதவை எண்டு போடுறன்." அவர் பேனாவை மையில் தொட்டார்.

"வராதவங்க இல்லைங்க. வந்திருக்கோம். உங்க முன்னால நிக்கிறோம். போக மாட்டோம்னு எழுதுங்க."

"அப்பிடி எழுதுறதுக்கு இதில இடம் விடேல்லை. வந்தவை, வராதவை. ரெண்டு கட்டம்தான் இருக்கு."

குப்பாயி மேசைக்குக் குனிந்தாள். வாசிக்கத் தெரியாது அவளுக்கு. ஆனால் எழுத்து இல்லாத இடம் எது என்று தெரியும். கறுத்த விரலைக் கொண்டுபோய்த் தாளின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்கன வெறுசா கெடக்கே, ஐயா."

பின்னால் வரிசை நின்றுவிட்டது. அழுதுகொண்டிருந்த பெண்ணும் எட்டிப் பார்த்தாள். எழுத்தர் ஒருமுறை வரிசையைப் பார்த்தார், ஒருமுறை அந்த விரலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு ஓரத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றான் இராமர்.

"வந்தார்கள். போக மறுத்தார்கள்."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒருக்கா."

அவர் என்ன நினைத்தாரோ, தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கவே வாசித்தார். குப்பாயி புருஷனின் பக்கம் சாய்ந்தாள்.

"மறுத்தார்கள்னா?"

"மாட்டோம்னு அன்னைக்குக் கைய நீட்டி நீ சொன்னியே, அதுதான்" என்றான் இராமர்.